ருஷ்ய விவசாயியும் எங்கள் செயின்மேன் ஏழுமலையும்

என்னை அந்த வாசிப்பு வட்டத்துக்குக் கூப்பிட்டதே தப்பு. கூப்பிட்டார்களே என்று நான் போய் உட்கார்ந்தது அதைவிடப் பெரிய தப்பு.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலில் என் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில்தான் ஓய்வு பெற்றபின் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் ஹவுஸில் கொஞ்சம் பேர் கூடி, ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். பெரும்பாலும் சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், அதில் எனக்குக் குறையில்லை. அந்த வாரம் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய ருஷ்யக் கதை. நிலத்தைப் பற்றிய கதையாம். “சர்வேயர் அங்கிள் வந்தா நல்லாருக்கும்” என்று யாரோ சொல்ல, என் மகன் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு ஜிம்முக்குப் போய்விட்டான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விவசாயி. கொஞ்சம் நிலம் கிடைத்தால் தேவலை என்கிறான், கிடைக்கிறது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறான், அதுவும் கிடைக்கிறது. கடைசியில் எங்கோ தூரத்தில் புல்வெளி மக்கள் நிலம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்காரனை அழைத்துக்கொண்டு போகிறான். அங்கே விலை ஏக்கருக்கு இல்லை, ஒரு நாளுக்கு. விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் எவ்வளவு சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு. தொடங்கிய இடத்துக்குத் திரும்பாவிட்டால் பணமும் போச்சு, நிலமும் போச்சு. அவன் நடக்கிறான், ஓடுகிறான், சூரியன் இறங்கும்போது வந்து விழுந்து சாகிறான். வேலைக்காரன் மண்வெட்டியால் குழி வெட்டிப் புதைக்கிறான். அந்தக் குழிதான் அவனுக்குத் தேவைப்பட்ட நிலம் என்று கதை முடிகிறது.

கோயம்புத்தூர்க்காரர் கார்த்திக் முதலில் பேசினார். “போதுங்கிற மனசு இல்லாம போச்சுங்க அவனுக்கு. நம்ம எல்லாருக்கும் இதுல ஒரு பாடம் இருக்குதுங்க” என்றார். நாகர்கோவில் பெண் பிரியா, மினிமலிசம் என்றார். வீட்டில் வேண்டாத பொருளையெல்லாம் எடுத்துப் போட்டபின் தனக்கு எவ்வளவு நிம்மதி கிடைத்தது என்று விளக்கினார். இன்னொருவர் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை என்று ஆரம்பித்தார். எங்கே சுற்றினாலும் எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். பேராசை, பேராசை, பேராசை. எனக்குக் காது புளித்துப் போயிற்று.

பேச வாயைத் திறந்தேன். சமோசா வந்துவிட்டது. சமோசாவுக்கு முன்னால் எந்த நில அளவர் நிற்க முடியும்? அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதையை நீட்டப் போவதில்லை. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். சொந்த மண் என்று ஒரு பிடி கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு ஊரார் நிலத்தையெல்லாம் அளக்கிற வேலை கிடைத்தது. பயிற்சியில் கல் தேடவும் சங்கிலி போடவும் படம் வரையவும் கற்றுக்கொடுத்து, வெயிலில் காய்ந்து கருகியபின் பூந்தமல்லிப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். அங்கேயே என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

எங்கள் வேலையில் எல்லாம் கல்லில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஆபீஸில் ஒரு புலப்படம் இருக்கும். எந்தக் கல்லிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று அதில் போட்டிருக்கும். போய் முதலில் நம்பகமான ஒரு பழைய கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். முள்ளை வெட்டி, மண்ணைத் தோண்டி, எருக்குழிக்குள் கையை விட்டாவது கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அவர்களும் வந்து நிற்க வேண்டும். பிறகுதான் சங்கிலி. அதனால்தான் அந்த ருஷ்யக் கதையைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல் கிடையாது, படம் கிடையாது, பக்கத்து நிலக்காரன் கிடையாது. கால் போன போக்கில் நடப்பதற்குப் பெயர் அளவையா? ஒரு விஷயத்தில் மட்டும் அந்த விவசாயியை மெச்சுவேன். திரும்புகிற மூலைக்கு மூலை குழி வெட்டி மண்ணைக் குவித்து அடையாளம் வைக்கிறான். அது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம்.

சங்கிலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபது மீட்டர் இரும்புச் சங்கிலி அது. தரை சமமாக இருந்தால் படுக்கப் போட்டு அளக்கலாம். புதரும் குழியுமாக இருந்தால் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். நன்றாக இழுத்தால் கணக்கு சரியாக இருக்கும். நடுவில் தொய்ந்தால், இருபது மீட்டர் என்று நாம் நினைக்கிற இடம் உண்மையான இருபது மீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடும். நான்கைந்து சங்கிலி தொடர்ந்து தொய்ந்தால் எல்லைக்கோடே ஒரு முழம் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆகவே ஒரு சர்வேயரின் மானம் மரியாதை எல்லாம் முன்னால் சங்கிலி இழுக்கிறவன் கையில்தான் இருக்கிறது.

எனக்கு முன்னால் இழுத்தவன் ஏழுமலை. எங்கள் செயின்மேன். நூம்பலுக்கு உள்ளே, அப்போது வெறும் வயலும் ஏரிக்கரையுமாக இருந்த பக்கத்தில் வீடு. ஒல்லியான ஆள், கையில் மட்டும் அப்படி ஒரு பிடி. அவன் இழுத்தால் பின்முனையைப் பிடித்திருக்கிற எனக்கு உள்ளங்கை எரியும். “கொஞ்சம் பாத்து இழுய்யா, என் கையைப் பிடுங்கிடாதே” என்பேன். “நீ கெட்டியா புடி சார். தொள தொளன்னு புடிச்சா ஊர்க்காரன் சண்டைக்கி வருவான்” என்பான். மரியாதை இல்லாமல் இல்லை, அவன் பேச்சே அப்படித்தான்.

எங்களுக்கு மேலே இருந்த நில அளவைத் துணை ஆய்வாளர் பெயர் சபாபதி. அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வயலுக்கு வந்தால் கறுப்புக் குடையோடுதான் வருவார். வரப்பில் செருப்புக் காலை வைக்கமாட்டார், கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பியூன், செயின்மேன், மாடு மேய்க்கிறவர், எல்லோரும் அவருக்கு ‘ஐயா’தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் என்ன சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முதலில் “உண்மைதான் ஐயா” என்பார். துடைத்து மாட்டியபின் “ஆனா” என்பார். அந்த ‘ஆனா’ வந்துவிட்டால் நம் கதை முடிந்தது என்று அர்த்தம்.

மனிதர் பெரிய படிப்பாளி. மார்க்சியத்தைக் கரைத்துக் குடித்தவர். மே தினக் கூட்டங்களில் பேசுவார். அந்த ருஷ்யக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவரே அவர்தான். திருமழிசையில் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு உட்பிரிவு அளந்துவிட்டு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு சாண் நிலத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ளப் போனதைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில், “எல்லாம் பேராசை சார்” என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அப்படிச் சொல்லாதீங்க ஐயா” என்று ஆரம்பித்தார். கதையை முழுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “இந்தக் கதையோட தொடக்கத்துல என்ன நடக்குது, சொல்லுங்க.”

“நிலம் வேணும்னு ஆசைப்படுறான்.”

“அதுக்கு முன்னால? பக்கத்துல ஒரு பண்ணைக்கார அம்மா இருக்காங்க. அவங்க ஒரு காரியஸ்தனை வைக்கிறாங்க. அந்த ஆள், மாடு மேட்டுல ஏறினா அபராதம், குதிரை வயல்ல இறங்கினா அபராதம்னு இவனை உரிச்சு எடுக்கிறான். மாட்டை விட இடமில்லாதவனுக்கு நிலம் வேணும்னு தோணினா அதுக்குப் பேர் பேராசையா ஐயா? கதையைப் படிக்கிறவங்க எல்லாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போயிடுறாங்க.”

அடுத்து, அந்த அம்மா நிலத்தை விற்கப்போவதாகத் தெரிந்ததும் ஊர் விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து பொதுவாக வாங்கலாம் என்று கூடிப் பேசியதைச் சொன்னார். பேச்சு ஒத்துவரவில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியே வாங்கினார்கள். “அங்கதான் ஐயா எல்லாம் போச்சு. சேர்ந்து வாங்கியிருந்தா இந்தக் கதையே கிடையாது. எழுதினவருக்கும் அது தெரிஞ்சிருக்கு. ஆனா அவர் என்ன பண்றார்? ஒரு பேயைக் கொண்டுவந்து வைக்கிறார். பேய்தான் அவங்களைச் சேரவிடாம பண்ணிச்சாம். பேய் எதுக்கு ஐயா? சொத்துன்னு ஒண்ணு இருக்கும்போது பேய் எதுக்கு?”

நிலம் வாங்கிய பிறகு அந்த விவசாயியே தன் வயலில் மாடு இறங்கியது என்று அக்கம்பக்கத்தாருக்கு அபராதம் வாங்கிக்கொடுக்கிறான். ஆள் அதே ஆள், உட்காருகிற இடம்தான் மாறியது, குணம் இடத்திலிருந்து வருகிறது என்றார். கடைசியில் அந்தப் புல்வெளி. அது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத மேய்ச்சல் நிலம். அதற்கு விலை வைத்து, ஓடு என்று சொல்லிவிட்டு, அவன் விழுந்ததும் சிரிக்கிறார்கள். “பந்தயத்தை வெச்சவனை விட்டுட்டு, ஓடினவனைப் பார்த்துப் பேராசைக்காரன்னு சொல்றோம். இதுதான் ஐயா அந்தச் சொல்லுக்கு வேலை.”

நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதே இல்லை. ஜீப்பின் பின்பக்கம் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஏழுமலை மெல்லக் கேட்டான்: “சார், குயி வெட்டினானே அந்த வேலைக்காரன், அவனுக்குக் கூலி யார் சார் குடுத்தது? மொதலாளிதான் பூட்டானே.”

சபாபதி வாய்விட்டுச் சிரித்தார். “உண்மைதான் ஐயா. ஆனா அது கதையில இல்லை” என்றார். ஏழுமலை “செரி சார்” என்று விட்டுவிட்டான்.

அடுத்த வருஷமோ என்னவோ, அந்த மனு வந்தது.

நூம்பலில் ஏழுமலையின் வீடு ஒரு பழைய வண்டிப்பாதையின் தெற்கு ஓரத்தில் இருந்தது. பாதை என்று பெயர்தான், வண்டி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வேலிக்காத்தான் மண்டிக் கிடந்தது. வடக்குப் பக்கத்து வயல்களை ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி வாங்கி மனை போட்டது. உடனே அந்தப் பாதைக்கு உயிர் வந்துவிட்டது. மனைக்கு அகலமான அணுகுசாலை வேண்டுமே! ‘பாதைப் புறம்போக்கை ஏழுமலை என்பவர் ஆக்கிரமித்து அறை கட்டியிருக்கிறார், அளந்து அகற்றவும்’ என்று மனு.

அறை கட்டியது உண்மைதான். அவன் மகள் சரசு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இருந்த ஒரே கூடத்தில் மகன், மருமகள், அவர்கள் பிள்ளைகள். பிள்ளை பெற வந்த பெண்ணைப் படுக்கவைக்க இடமில்லை என்று, பாதைப் பக்கமாகச் செங்கல் வைத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, ஒரு கட்டில் மட்டும் கொள்ளும்படி ஓர் அறை எழுப்பியிருந்தான். அந்த அறை போனால் அந்தப் பெண்ணும் பிறக்கப்போகிற குழந்தையும் எங்கே போவார்கள்? அதுதான் அன்றைக்கு இருந்த கேள்வி. வேறு எதுவும் இல்லை.

நான் ஏழுமலையிடம் சொன்னேன்: “நீ வராதே. வேற ஆளை வெச்சு நான் அளந்துக்கிறேன்.”

“இன்னா சார் பேசுறே? இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாருக்கும் நான் செயின் புடிச்சிக்கீறேன். என் ஊட்டாண்ட இன்னொருத்தன் வந்து புடிப்பானா? நான் பாத்துக்கினு நிக்கணுமா?” என்று எகிறினான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அளவை நாள் வந்தது. கம்பெனி மேனேஜர் வெள்ளைச் சட்டையில், தன் புதுக் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்து நின்றார். “இவங்களுக்கெல்லாம் பேராசை சார். கொஞ்சம் இடம் விட்டா போதும், ரூம் கட்டிடுவாங்க” என்றார். நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம்பகமான கல் வடக்கே, மனைப்பிரிவுக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து தெற்கே அளந்து வந்தால் முதலில் பாதையின் வடக்கு ஓரம், அதைத் தாண்டித் தெற்கு ஓரம். நான் கல்லில் பின்முனையைப் பிடிக்க, ஏழுமலை முன்முனையோடு தன் வீட்டைப் பார்த்து நடந்தான். வழியெல்லாம் ஜல்லிக் குவியலும் மணல் மேடும், ஆகவே சங்கிலியைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. படத்தில் போட்டிருந்தபடி பாதையின் வடக்கு ஓரம் எங்கே வந்தது தெரியுமா? கம்பெனியின் கேட்டுக்கு உள்ளே. நன்றாக உள்ளே. அந்த மேனேஜர் சாய்ந்து நின்றிருந்த சுவர் பாதி வண்டிப்பாதையை விழுங்கிக்கொண்டு நின்றது.

“சார், இங்க ஒரு ஆணி அடிச்சுக் குறிச்சுக்குவோம்” என்றேன்.

“உண்மைதான் ஐயா” என்றார் சபாபதி. கண்ணாடியை மாட்டினார். “ஆனா மனுவுல தெற்குப் பக்கம்தானே கேட்டிருக்காங்க? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவோம்.”

“அகலத்தைக் கணக்குப் பண்ணணும்னா ரெண்டு ஓரமும் வேணுமே சார்! அந்தச் சுவரைத் தள்ளினா ரூமைத் தொடாமலே ரோடு போடலாமே!”

“வேற மனு வந்தா வேற அளவை. மேலே போங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் போல இருந்தது. எறியவில்லை. எறிந்தால் நாளைக்கு வேறொரு சர்வேயர் வருவார், அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் போனதும் சபாபதி என் பக்கத்தில் வந்து, குடைக்குள் இருந்தபடி மெதுவாகச் சொன்னார்: “கோடு அந்த அறையைத் தொடலைன்னா, ஆக்கிரமிப்பு இல்லைன்னு எழுதிடுவேன் ஐயா. கடைசிச் சங்கிலிகள் கொஞ்சம் தொய்ஞ்சாலும் எனக்குத் தெரியாது. என் பார்வை மங்கல்.” சொல்லிவிட்டுத் திரும்பி, தெற்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவரால் முடிந்த புரட்சி அது. தன் கையில் அழுக்குப் படாமல் ஓர் ஏழைக்கு உதவி. தொய்வது ஏழுமலையின் சங்கிலி, மங்குவது இவர் கண்.

நான் ஏழுமலையிடம் போய்க் காதோடு சொன்னேன். “இன்னிக்கு ஒரு நாளைக்கு மெதுவாப் பிடி. தொங்கட்டும். ஒரு முழம் குறைஞ்சா போதும், ரூம் தப்பிச்சிடும். புரியுதா?”

“புரியிது சார்” என்றான். தலையையும் ஆட்டினான்.

கடைசிச் சங்கிலி. முந்தின சங்கிலி முடிந்த இடத்தில் குத்தியிருந்த ஆணியில் நான் பின்முனையை வைத்தேன். அவன் பாதையைக் கடந்து அந்த அறை வாசலுக்குப் போனான். சங்கிலி நடுவில் தொங்கியது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த நொடி என் உள்ளங்கை எரிந்தது. வெடுக்கென்று ஓர் இழுப்பு. சங்கிலி கம்பி மாதிரி நேராக நின்றது. அவன் குனிந்து ஆணியைக் குத்தினான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆணி அறைக்கு உள்ளே, கட்டில் காலுக்குப் பக்கத்தில் நின்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சரசு, காலில் படாமல் இருக்கட்டும் என்று இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். வயிறு கனத்துப்போன பெண், அப்பா குத்திய ஆணிக்கு இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“ஏன்யா இழுத்தே? அறிவு இருக்கா உனக்கு? அவ்வளவு சொன்னேனே!” என்று கத்தினேன். எல்லோர் எதிரிலும்தான் கத்தினேன். மேனேஜர் கேட்டால் கேட்கட்டும்.

ஏழுமலை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தெர்ல சார். தொங்க வுட்டுத்தான் புடிச்சேன். ஆணி குத்தக் குனிஞ்சேன் பாரு, கையி அதுவா இழுத்துக்கிச்சு” என்றான்.

அவ்வளவு வருஷம் ஊரார் நிலத்துக்கெல்லாம் இழுத்துப் பழகிய கை. தன் வீடு என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. இதைவிட அநியாயம் உண்டா? அவன் உழைப்பே அவன் வீட்டுக்குள் ஆணியாக இறங்கியது. சபாபதி திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பேர் பார்த்தபிறகு அவர் கண் மங்கலாக இருக்க முடியவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், அன்னைக்கு எவ்வளவு அழகாச் சொன்னீங்க! பந்தயம் வெச்சவனை விட்டுட்டு ஓடினவனைத் திட்டுறோம்னு. இன்னிக்கு என்ன சார் பண்ணோம்?”

“அமைப்பு அப்படி ஐயா. நீங்களும் நானும் தனி ஆளா என்ன பண்ண முடியும்?” என்றார்.

“எழுதினவர் பேய் மேல பழியைப் போட்டார்னு கோவிச்சுக்கிட்டீங்களே சார். நீங்க அமைப்பு மேல போடுறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு ஆணி, சார். கேட்டுக்கு உள்ள ஒரே ஒரு ஆணி அடிச்சிருந்தா போதும்.”

கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். “உண்மைதான் ஐயா” என்றார். அன்று மட்டும் அவருக்கு ‘ஆனா’ வரவில்லை. வந்து என்ன, வராமல் என்ன? அறையை இடித்தார்கள். சரசு அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, பச்சைக்குழந்தையோடு ஆவடியில் யாரோ உறவுக்காரர் வீட்டு வராந்தாவில் கிடந்தாள். வடக்குப் பக்கத்தை அளக்கச் சொல்லி ஏழுமலை பெயரில் நானே மனு எழுதிக் கொடுத்தேன். அதற்கு யாரும் அளக்க வரவில்லை, என்னையும் வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மீதி வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஏழுமலை இப்போது சென்னீர்குப்பத்தில் வாடகைக்கு ஒற்றை அறையில் இருக்கிறான்.

சபாபதி சொன்ன விளக்கம் தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அட்சரம் பிசகாமல் சரி. அதுதான் வயிற்றெரிச்சலே. சரியான விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார் மனிதர். இந்தப் பிள்ளைகளோ தப்பான விளக்கத்தை வைத்துக்கொண்டு சமோசா தின்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடவில்லை நான். சமோசா வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அபராதம் போட்ட காரியஸ்தன், சேர்ந்து வாங்க முடியாமல் போன ஊர், விலை வைக்கப்பட்ட மேய்ச்சல் நிலம், குழி வெட்டிய வேலைக்காரன், ஏழுமலை, சரசு, எல்லாம். நாம் தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருகிற ரோடுதான் அந்த வண்டிப்பாதை என்றும் சொன்னேன். நம் கேட்டில் கண்ணாடி போட்டு நிற்கிறதே செக்யூரிட்டி கேபின், அது நிற்பது அந்தப் பாதைப் புறம்போக்கில், அந்த அறை இருந்த அதே இடத்தில் என்றும் சொன்னேன்.

பிறகு கார்த்திக், “ரொம்ப டச்சிங்கா இருந்துதுங்க அங்கிள். ஆனா அதுக்கும் இந்தக் கதைக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார். “எல்லாத்தையும் அரசியலாக்கக் கூடாது அங்கிள். மனுஷனோட உள்மனசைப் பத்தின கதை இது” என்றார் பிரியா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அது நடந்த வாரத்துக்குள்ளேயே கார்த்திக்கும் பிரியாவும் பேஸ்மெண்டில் சண்டை போட்டுக்கொண்டார்கள். பார்க்கிங் சண்டை. கார்த்திக் புதுசாக வாங்கிய பெரிய வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறது, என் கார்க் கதவைத் திறக்க முடியவில்லை என்கிறார் பிரியா. கோடே தப்பாகப் போட்டிருக்கிறது, என் இடம் இன்னும் அந்தப் பக்கம் போகிறது என்கிறார் கார்த்திக். போதும் என்ற மனசும் மினிமலிசமும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தன. அசோசியேஷன் தலைவர் என் கதவைத் தட்டினார். “நீங்கதான் சார் அளந்து சொல்லணும். நீங்க சொன்னா ரெண்டு பேரும் ஒத்துப்பாங்க.”

“டேப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். என் ஆளை வரச் சொல்றேன், கூலி கொடுத்திடணும்” என்றேன்.

ஏழுமலை பஸ் பிடித்து வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கேட்டில் செக்யூரிட்டி அவனை நிறுத்திப் பெயர், ஊர், எந்த ஃபிளாட் என்றெல்லாம் கேட்டுப் போட்டோ எடுத்தார். நான் இறங்கிப் போனபோது கேபின் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இங்கதான சார் சரசு கட்லு கெடந்துச்சு?” என்றான். நான் ஆமாம் என்றேன்.

பேஸ்மெண்டுக்குப் போனோம். கார்த்திக், பிரியா, தலைவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம். நான் தூணை ஒட்டி டேப்பின் ஒரு முனையை வைத்தேன். ஏழுமலை மறுமுனையை எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய வண்டியைத் தாண்டிப் போனான். “நல்லா டைட்டா இழுங்கண்ணா” என்றார் கார்த்திக். “ரொம்ப இழுத்தா டேப் நீளும், லூஸா பிடிங்க” என்றார் பிரியா.

ஏழுமலை இழுக்கவில்லை. டேப் நடுவில் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவன் குனிந்து தன் கையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்னோடு வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நாளும் கேட்காததை அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் கேட்டான்.

“இத யாருக்கு சார் இழுக்கணும்?”